அண்ணன் காரை ஆட்டிய ஞாயிற்றுக்கிழமை

பெட்ரோல் பங்க்கில் எங்கள் அண்ணன் இரண்டு கைகளாலும் காரைப் பிடித்து ஆட்டிய காட்சியை நினைத்தால், இன்றும் மீட்டிங் நடுவில்கூட எனக்குச் சிரிப்பு பீறிட்டு வருகிறது. அன்று சிரிக்கவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு பம்ப் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் விழப்போகும் எண்ணில்தான் அண்ணியின் வேலை இருந்தது.

அண்ணன் ஆசைப்பட்டு வாங்கிய ஹைபிரிட் கார் அது. பெட்ரோல் இன்ஜினும் பேட்டரியும் மாறி மாறி இழுக்கும். மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் ஹைபிரிட். ஆனால் அண்ணன் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்விடுவார்; கார் வாரத்தில் ஆறு நாள் உறை போர்த்திக்கொண்டு வாசலில் தூங்கும். அண்ணிக்குப் பூந்தமல்லியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். பஸ் மாறி மாறிப் போக முடியாமல் ஏற்கெனவே இரண்டு வேலைகளை விட்டவர் அவர். லைசென்ஸ் இருந்தது, சாவிதான் கைக்கு வரவில்லை.

"நீ பிரேக் மேலயே கால வச்சிகினு ஓட்டுவ. மைலேஜ் இன்னாத்துக்கு ஆவும்?" என்றார் அண்ணன்.

"அளந்து பாத்துடலாம். உங்கள உட கம்மியா பெட்ரோல் குடிச்சா சாவி எனக்கு," என்றார் அண்ணி. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

காரின் திரையில் வரும் மைலேஜை அண்ணன் நம்பமாட்டார். டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்ப வேண்டும். இரண்டாவது முறை எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுதான் குடித்தது. ஆவடி, பூந்தமல்லி, வானகரம் என்று ஆளுக்கு இரண்டு சுற்று. தங்கச்சி தன் பக்கம்தான் நிற்பாள் என்ற தைரியத்தில் அண்ணன் என்னை நடுவராக்கினார். அவர் விடியற்காலையிலேயே கிளம்பினார். காலி ரோடு, பைபாஸில் பறந்தோம். திரும்பி வந்து பெட்ரோல் போட்டபோது, பம்ப் முதல் முறை 'டக்' என்று நின்றதுமே "போதும்" என்று மூடச் சொன்னார். மூன்று லிட்டர் நானூறு.

அண்ணியின் முறை வந்தபோது மணி ஒன்பது. அன்று முகூர்த்த நாள் வேறு! ஆவடி மார்க்கெட்டில் நெரிசல், வானகரத்தில் மண்டபத்துக்கு மண்டபம் கூட்டம். வண்டி நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. போச்சு என்று நினைத்தேன். அண்ணி முகத்திலோ அப்படி ஒரு சந்தோஷம்.

"இன்ஜின் சத்தம் கேக்குதா பாப்பா?"

கேட்கவில்லை. மெதுவாகப் போகும்போது பேட்டரியே இழுக்கிறது. ஒவ்வொரு பிரேக்குக்கும் அது திரும்பச் சார்ஜ் ஆகிறது. அண்ணன் பிரிக்காமலே வைத்திருந்த கையேட்டை அண்ணி அட்டை முதல் அட்டை வரை படித்திருந்தார். வேண்டாம் என்று அண்ணன் தள்ளிவிட்ட டிராஃபிக்தான் அந்தக் காருக்குத் தீனி!

பங்க்கில் அண்ணன் காத்திருந்தார். இரண்டரை லிட்டரில் பம்ப் 'டக்' என்று நின்றது. அவர் முகம் மாறிவிட்டது. "உள்ள காத்து அடச்சிகினு கீது, இன்னும் எறங்கும்," என்று காரைப் பிடித்து ஆட்டத் தொடங்கினார். இது போங்கு ஆட்டம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆட்டட்டும் உடு. இன்னும் நல்லா ஆட்டுங்க!"

ஆட்டினார். சட்டை நனைந்தது, பின்னால் நின்ற ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, டேங்க் வாய் வரை தளும்பியபோது மீட்டரில் இரண்டு லிட்டர் எண்ணூறு. நான்தான் கத்திச் சொன்னேன். சொந்த அண்ணன் தோற்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட தங்கை ஊரில் வேறு யாரும் இருக்கமாட்டாள்.

அண்ணன் மூச்சு வாங்க நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "நாளைக்கு எத்தினி மணிக்குக் கெளம்பணும்?"

அது நடந்து இரண்டு வருடமாகிறது. அண்ணி இன்றும் அதே காரில்தான் பூந்தமல்லிக்குப் போகிறார். தெருவில் யாராவது அண்ணனிடம் மைலேஜ் எவ்வளவு என்று விசாரித்தால், அவர் உடனே எண்ணைச் சொல்வதில்லை.

"யாரு ஓட்னா? நானா, அவளா?" என்கிறார்.