ஏழு நாள் காயும் ஒரு பிடி உப்பும்

சுரைக்காயை உப்பில்லாமல் வேகவைத்தால், ஈரத் துணியை நிழலில் உலர்த்தியதுபோல ஒரு வாசனை வரும். நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வருஷம், கோடையில் இரண்டு மாதம் எங்கள் வீட்டில் அந்த வாசனைதான். பழவேற்காட்டில் ஏரியை ஒட்டிய குப்பத்தில், வாசலுக்கு வாசல் மீன் கழுவிய தண்ணீர் ஓடுகிற தெருவில், எங்கள் வீட்டில் மட்டும் மீன் வாசனை நின்றுபோனது. எங்கள் பூனை மூன்று நாள் அடுப்பைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு நான்காம் நாள் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

எல்லாம் நைனாவுக்காக. எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். வலை இழுத்து இழுத்துக் கயிறு மாதிரி இருந்த மனிதருக்குக் கால் வீங்கி, பிறகு முகமும் வீங்கி, கண் திறக்க முடியாமல் போனது. பொன்னேரி டாக்டர் பார்த்துவிட்டு, சிறுநீரகம் கெட்டிருக்கிறது, இரண்டு மாதத்துக்கு உப்பு ஒரு கல்லும் கூடாது, மீன், இறால், நண்டு, கருவாடு எதுவும் கூடாது, காயும் கீரையும் சோறும்தான், மீறினால் ஆள் தங்கமாட்டார் என்று அம்மாவிடம் சொல்லியனுப்பினார்.

அம்மாவுக்குக் காய் சமைக்கத் தெரியாது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். மீன்குழம்பில் மாங்காயோ கத்திரிக்காயோ போடுவாள், அதோடு சரி. அதைவிடப் பெரிய தொல்லை, காய் வாங்க வாரத்தில் ஒரே நாள்தான், திங்கட்கிழமை திருப்பாலைவனம் சந்தை. மீன் அன்றன்றைக்கு வரும், அன்றன்றைக்குத் தீரும். நாளைக்கு என்ன குழம்பு என்று எங்கள் தெருவில் யாரும் யோசித்ததில்லை. முதல் திங்களன்று அம்மா மீன் கூடையைக் கழுவி எடுத்துக்கொண்டுபோய்க் காய் நிரப்பி பஸ் ஏறியபோது, கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, உங்க ஏரில இப்ப கத்திரிக்காதான் மாட்டுதா?" என்று கேட்க பஸ்ஸே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். கூடையின்மேல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

முதல் வாரம் சுரைக்காயை முதலில் சமைத்துவிட்டுக் கீரையைக் கடைசிக்கு வைத்தாள். புதன்கிழமைக்குள் கீரை அழுகிவிட்டது, வெள்ளிக்கிழமையன்று நைனா வெறும் சோற்றைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். அதற்குப் பிறகு அம்மா, வீட்டின் இருட்டு மூலையில் ஈர மணல் பரப்பி, அதன்மேல் ஓலைப்பாய் போட்டு, காயை ஏழு குவியலாகப் பிரித்து வைத்தாள். எந்தக் குவியல் முதலில் வாடுமோ அது கதவுப் பக்கம். செவ்வாய்க்கு முருங்கைக்கீரை, புதனுக்குப் புடலை, வியாழனுக்கும் வெள்ளிக்கும் கத்திரிக்காய், சனிக்கு அவரை, ஞாயிற்றுக்குச் சுரைக்காய், சந்தை நாளான திங்களுக்குச் சின்னப் பூசணிக்காய். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா அந்தப் பாயைப் பார்த்தே கிழமை சொல்வாள்.

இடையில் குறைந்தால் இட்டு நிரப்ப மூக்கிரட்டைக் கீரை. வீக்கத்துக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது ஒல்லாந்தர் கல்லறையில் செழிப்பாகப் படர்ந்திருக்கும். வாசலிலேயே எலும்புக்கூட்டைச் செதுக்கி வைத்த இடம். நான் உள்ளே போக மாட்டேன் என்று நின்றேன். "எப்பவோ செத்த வெள்ளக்காரன் உன்ன இன்னா பண்ணப் போறான், கீரைய கிள்ளுடி" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். கல்லில் வெட்டிய எழுத்துகளின்மேல் உட்கார்ந்து கிள்ளினேன்.

நைனா வலைக்குப் போகாததால் அம்மா ஏரியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்தாள். பிடித்ததெல்லாம் விற்பனைக்கு, வீட்டுக்கு ஒன்று வராது. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். அதனால் சமையலும் நைனாவும் என் பொறுப்பு. காய் நைனாவுக்கு மட்டும். அம்மாவும் நானும் கஞ்சியும் பச்சைமிளகாயும். தினமும் விடிந்ததும் அம்மா நைனாவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி எடுப்பாள். விழுந்த குழி எவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறது என்று பார்ப்பாள். நாலாவது வாரத் தொடக்கத்தில் குழி விழவே இல்லை.

நைனாவின் அக்கா பக்கத்துக் குப்பமான தோணிரேவில் இருந்தாள். கருவாடு போட்டு விற்கிறவள், சனிக்கிழமைதோறும் வருவாள், வரும்போதே வாசலில் சத்தம் கேட்கும். "இன்னாடி கன்னியம்மா, என் தம்பிய ஆடுனு நென்ச்சிக்கினியா, எப்பப் பாரு தழையா போட்ற?" என்று அம்மாவைச் சீண்டுவாள். நான் யாரோடும் பேசாமல் மூலையில் நிற்பேன் என்பதால் என்னை "ஊமக்கோட்டான்" என்பாள், ஆனால் அவள் மடியில் எனக்கென்று ஒரு முறுக்கு இல்லாமல் வந்ததில்லை. தன் கருவாட்டுக் கூடையை மட்டும் தெருமுனையிலேயே இறக்கி வைத்துவிட்டு வருவாள், தம்பிக்கு நாக்கில் எச்சில் ஊறிவிடக்கூடாது என்று.

அந்த நாலாவது வாரம் மேல்காற்று நெருப்பாக அடித்தது. வியாழக்கிழமை காலையில் பாயைப் பார்த்தால் கத்திரிக்காய் தொளதொளவென்று இருந்தது, அவரையில் கறுப்பு விழுந்திருந்தது. விட்டால் வெள்ளிக்கும் சனிக்கும் நைனாவுக்கு மறுபடி வெறும் சோறுதான். கெட்டுப்போகிற பொருளை என்ன செய்வது என்று எங்கள் தெருவில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்லும், உப்புப் போடு என்று. மீனைப் பிளப்பதுபோலக் கத்திரிக்காயைப் பிளந்தேன். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் கருவாட்டுக்கென்று இருந்த கல்லுப்பை எடுத்து, ஒரு அடுக்கு காய், ஒரு பிடி உப்பு என்று பானையில் போட்டு, மேலே கல் வைத்து, மத்தியானம் எடுத்து மணலில் பாய் விரித்துக் காயவைத்தேன். அவரைக்கும் அப்படியே. கருவாட்டை மூன்று தண்ணீரில் அலசினால் உப்புப் போய்விடும் என்று பார்த்திருந்தேன். இதையும் மூன்று தண்ணீரில் அலசினேன்.

வெள்ளிக்கிழமை அதை வேகவைத்து நைனாவுக்குப் போட்டேன். முதல் வாயை வைத்ததும் அவர் நிறுத்தினார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் தின்று, தட்டை விரலால் வழித்தார். "இன்னும் கொஞ்சம் கீதா?" என்றார். இரண்டு மாதத்தில் அவர் இரண்டாம் தடவை கேட்டது அந்த ஒரு நாள்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். சனிக்கிழமையும் அதுவே. பாயில் எந்தக் குவியலும் அழுகிக் கிடக்காததைப் பார்த்து அம்மா என் தலையைத் தடவிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா அழுத்திய கட்டைவிரல் கணு வரைக்கும் உள்ளே போனது. குழி நிரம்பவே இல்லை. மத்தியானத்துக்குள் நைனாவின் கண் மூடிக்கொண்டது, மூச்சு இழுத்தது.

செய்தி கேட்டு அத்தை ஓடிவந்தாள். அம்மா வாசற்படியிலேயே மறித்தாள்.

"நேத்து வந்தீங்களே அண்ணி, இன்னா குட்தீங்க அவருக்கு?"

"நான் இன்னாடி குடுப்பேன்? அகத்திக்கீர குட்தேன், உன் கைலதான் குட்தேன்."

"உங்க கைய மோந்து பாருங்க. கருவாடு வாசன."

"என் பொழப்பே கருவாடுடி, என் கை வேற இன்னா மணக்கும்? என் தம்பிய நானே கொல்லுவனா?"

உள்ளே படுத்திருந்த நைனா, "அக்கா ஒன்னும் தர்லடி, உட்டுடு" என்றார். அம்மா திரும்பி, "அப்ப உப்பு வானத்துலருந்து வுயுந்துதா?" என்றாள். நைனா மூடிய கண்ணோடு என் பக்கமாகத் தலையைத் திருப்பினார். நான் ஓலைத் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. மூன்று தண்ணீர் போதவில்லை என்று. சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு வரை வந்தது. நைனா "ஒன்னும் தர்ல" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை என்னைப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன். முந்தானையை உதறிக்கொண்டு அவள் போனாள்.

மிச்சமிருந்த வற்றலை ஏரிச் சேற்றில் புதைத்தேன். திங்கள் சந்தையில் புதுக் காய் வந்தது, மறுவாரம் வீக்கம் இறங்கியது. "பாத்தியா, அவ வர்றது நின்னுது, வீக்கமும் நின்னுது" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். அவளுக்கு அதைவிடச் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

நைனா பிழைத்தார். டாக்டர் அனுமதித்த நாளில் அம்மா பொரியலில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "அன்னிக்கி தின்ன கத்திரிக்கா மாதிரி வர்ல" என்றார், தட்டைப் பார்த்தபடியே. என்னிக்கி என்று அம்மா கேட்டபோது தட்டை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். மகளா அக்காவா என்று வந்தபோது அவர் என்னைத்தான் காப்பாற்றினார். அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் அவர் தனியாகத் தோணிரேவுக்குப் போய்வருவார். அத்தை எங்கள் படி ஏறவே இல்லை. என் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. அவள் செத்தபோது நைனா பாடை தூக்கப் போனார், அம்மா போகவில்லை. நான் போனேன், கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டு வந்தேன்.

இப்போது மீஞ்சூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். எனக்கும் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மருமகள் ஞாயிறு காலையில் ஏழு டப்பாவில் காயை நறுக்கி, கிழமை எழுதி ஒட்டி, ஃப்ரிட்ஜில் அடுக்கிவிடுகிறாள். சனிக்கிழமை அவரைகூடப் பச்சையாகவே இருக்கிறது. கல்லறையைப் பூட்டிவைத்திருக்கிறார்கள், கீரை கிள்ள யாரும் போவதில்லை. நைனா இல்லை, அம்மா இல்லை. அம்மா கடைசிவரை அப்படியே நம்பிக்கொண்டு போனாள். அவள் படுக்கையில் கிடந்த ஆறு மாதமும் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினேன், சொல்லவில்லை. இனி இதைக் கேட்டுக் கோபப்படவோ மன்னிக்கவோ எங்கள் தெருவில் ஆள் கிடையாது. பேச வராதவள் எழுதிவைக்கிறேன். என் அத்தை அன்றைக்கு நைனாவுக்கு அகத்திக்கீரையைத் தவிர எதுவும் கொடுக்கவில்லை. உப்பு நான் போட்டது.