பழக்கம் இல்லாத கண்டக்டர்

காலையில் வண்டி எடுக்கப் போகும்போது செய்தி வந்தது. கோதண்டம் அண்ணன் போய்விட்டார். டிப்போவில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "திரும்பவும் தொண்டையா?" இல்லை நண்பர்களே, மாரடைப்பு. தொண்டையை அவர் எப்போதோ ஜெயித்துவிட்டார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருவண்ணாமலை–செங்கம் வண்டியில் அவர் கண்டக்டர், நான் டிரைவர். பீடியோடு ஒருவரும் படியேற முடியாது. அவரோ வெற்றிலைகூடப் போடாதவர். கழுத்தில் வலியில்லாத கட்டி வந்து, டான்சிலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் டிப்போ சிரித்தது. "திருட்டு தம் அடிச்சிருப்பாரு" என்றார்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் கேள்வி, "என்ன பழக்கம்?" "ஒண்ணும் இல்லைங்க" என்பார். யாரும் நம்பவில்லை. நோயைவிட அதுதான் அவரை அரித்தது.

வேலூரில் ஒரு டாக்டரம்மா நம்பினார். காரணம் தெரிய மறுபடி சதையை எடுத்துச் சோதிக்க அனுப்பினார். முடிவு வந்ததும் அண்ணனையும் விஜயா அண்ணியையும் உட்காரவைத்துப் பேசினார். நானும் கூட இருந்தேன்.

"இது பாப்பிலோமான்ற வைரஸால வந்ததுங்க. உடலுறவு மாதிரி நெருக்கத்துல பரவும், கூட உக்காந்து சாப்பிட்டா ஒட்டாது. யார்கிட்டேருந்து, எப்பன்னு யாராலயும் சொல்ல முடியாது. முக்கால்வாசி பேருக்குத் தானா போயிடும். சில பேருக்குத் தங்கிட்டு, பல வருஷம் கழிச்சு இப்படி ஆவும். ஆனா இந்த வகை வைத்தியத்துக்கு நல்லா கேக்கும்."

அண்ணன் கேட்டது ஒன்றுதான். "அப்ப நான் பொய் சொல்லலைன்னு தெரிஞ்சிடுச்சாம்மா?"

டாக்டரம்மா தலையாட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கரண்ட் என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சு வைத்து, மருந்து ஏற்றி, இளைத்துத் திரும்பினார். அதற்குள் வைரஸ் என்ற சொல் ஊருக்கு வந்துவிட்டிருந்தது. டிப்போ டீக்கடையில் அவருக்கு மட்டும் பிளாஸ்டிக் கப் நீட்டினார்கள். அண்ணி அதைத் தள்ளிவிட்டுக் கண்ணாடி டம்ளரில் கேட்டு வாங்கினார். அண்ணன் குடித்த மீதியை ஒரே மடக்கில் குடித்தார்.

"ஒட்டிக்கும்னா மொதல்ல எனக்குத்தான்யா ஒட்டணும்!"

கடையே சிரித்துவிட்டது. அதன் பிறகு பிளாஸ்டிக் கப் பேச்சே இல்லை.

பௌர்ணமி கிரிவலத்துக்கு விடும் ஸ்பெஷல் வண்டியில்தான் மறுபடி வேலைக்கு ஏறினார். குரல் கரகர, வாய் உலர்ந்து போகும், தோளில் தண்ணீர் பாட்டில். அடி அண்ணாமலையில் ஓர் ஆள் பீடியோடு ஏறி, "பீடி குடிச்சுத்தான உனுக்கே தொண்டை போச்சு, எனுக்கு இன்னா புத்தி சொல்ற?" என்றான்.

"குடிக்காத எனக்கே வந்துச்சுய்யா. குடிக்கிற உனுக்கு எவ்ளோ ஜாஸ்தி வரும்? அணைச்சிட்டு ஏறு!"

வண்டியே கைதட்டியது. நான் ஹாரனை அழுத்திப் பிடித்தேன். அந்த ஆள் அணைத்துவிட்டுத்தான் ஏறினான்.

இந்த நோய் வந்தவர்களைப் பார்க்கப் போனால் இப்போதெல்லாம் நான் காரணம் கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க வண்டியில கோதண்டம்னு ஒரு கண்டக்டருங்க, பொழச்சு வந்து மறுபடி விசில் ஊதினாரு" என்று ஆரம்பிக்கிறேன். அவர் எனக்கு விட்டுப்போனது அதுதான்.