வால்வோடு கட்டிய சாவி

என் ஒர்க்‌ஷாப்புக்கு முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கம்ப்ரசரிலிருந்து காற்று வரும் குழாய் சுவரில் முடிகிற இடத்தில் ஒரு வால்வு இருக்கிறது. அந்த வால்வின் கழுத்தில், ஒரு சாண் சணல் கயிற்றில், ஒரு சாவி தொங்குகிறது. பூட்டைத் திறக்கிற சாவி இல்லை. டிரில் மெஷினின் வாயில் துளை போடும் பிட்டைச் செருகி இறுக்குவதற்கான, முனையில் பல் வைத்த இரும்புச் சாவி. மெஷின் இருப்பது அறையின் அந்தக் கோடியில். "இத எதுக்குண்ணே ஆட்டுக்குட்டி மாதிரி இங்கன கட்டிப் போட்டிருக்கீக? மெசின் பக்கத்துல வச்சா தோதா இருக்கும்ல" என்பார்கள். நான் சிரிப்பேன். சிரிக்கும்போது மேல்வரிசையில் ஒரு பல் மட்டும் மற்றவற்றைவிட வெள்ளையாக இருப்பது தெரியும். அந்தப் பல்தான் பதில். ஆனால் யாருக்கும் அது புரிவதில்லை என்பதால் ஒவ்வொரு தடவையும் என் மதினியின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

மதினி என் அண்ணனின் மனைவி. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பயராபீஸில் இருபது வருசத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பட்டாசுக் கம்பெனியை எங்கள் பக்கத்தில் பயராபீஸ் என்றுதான் சொல்வோம். ஒருநாள் அவர் இருந்த அறைக்கு நாலு அறை தள்ளி வெடித்தது. மதினிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்த நாலாவது அறையில் இருந்தவர்களைப் பற்றி அவர் இன்றுவரை பேசியதில்லை. தீப்பெட்டி ஆபீஸில் வாட்ச்மேனாக இருந்த அண்ணன் தகவல் கேட்டு ஓடிப்போய், கேட்டுக்கு வெளியே கூட்டத்துக்குள் மதினியைக் கண்டுபிடித்திருக்கிறார். இரண்டு கையையும் பிடித்து விரல்களை எண்ணினாராம். பத்து இருந்தது. நம்பாமல் மறுபடியும் எண்ணினாராம். அன்றோடு பயராபீஸ் வேலை முடிந்தது.

நாலு மாதம் மதினி வீட்டில் இருந்தார். அந்த நாலு மாதமும் வீட்டில் இருந்த பித்தளைச் சாமான்கள் தேய்ந்து இளைத்துவிட்டன. ஒரு பொங்கலன்று என்னைத் தனியாக மறித்துக்கொண்டு, "நான் சொவத்தப் பாக்கேன், சொவரு என்னையப் பாக்குது. ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணுமில்ல கொளுந்தனாரே. உங்க கம்பெனில ஒரு வேலை குடுங்க" என்றார். ஆமத்தூர் ரோட்டில் இருக்கும் என் தகரக் கொட்டகையைக் கம்பெனி என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அச்சாபீஸ்களில் அட்டை அடுக்குவதற்கான இரும்பு ரேக் செய்கிறோம். ஒரு ரேக்குக்கு நூற்றுக்குமேல் துளை போட வேண்டும். ஆலங்குளம் பக்கம் ஒருவர் பட்டறையை மூடியபோது அவரிடமிருந்து ஒரு கம்ப்ரசரும், காற்றில் ஓடும் டிரில் ஒன்றும் வாங்கி வந்திருந்தேன். கரண்டு மெஷினைப்போல ஷாக் அடிக்காது, சூடாகாது, கைக்கும் லேசு. அதற்கு நிதானமான ஓர் ஆள் தேவைப்பட்டது உண்மைதான். அண்ணனிடம் போய்க் கேட்டேன். "சரிலே. ஆனா ஒரு சொட்டு ரத்தம் பாத்தேன்னு வையி, அன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். பெறகு நீயும் கேக்கக் கூடாது, அவளும் கேக்கக் கூடாது" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு டிவிஎஸ்ஸில் வந்து, வாசலில் நின்றபடியே மதினியின் விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார்.

முதல் நாள் நான் மதினிக்குப் பாடம் எடுத்தேன். அப்படி எடுப்பதில் எனக்கு அப்போது பெரிய ஆசை. கண்ணாடி போடாமல் விசையைத் தொடக் கூடாது. முந்தானையை இழுத்துச் செருகி அதன்மேல் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். சுழல்கிற பிட்டுப் பக்கம் கையுறை ஆகாது, சுற்றி இழுத்துவிடும். துளை போடுகிற இரும்பைக் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும், காலால் மிதித்துக்கொண்டு போடக் கூடாது. காற்றை வைத்து உடம்புத் தூசியை ஊதக் கூடாது. பிட் மாற்றுவதற்கு முன் வால்வை மூடி, டிரில்லுக்குக் காற்று வரும் ஓஸ் குழாயைக் கழற்றி, உள்ளே மிச்சமிருக்கும் காற்றையும் வெளியே விட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட மதினி, "செப்புத் தகடு எங்க?" என்றார். பயராபீஸில் வெடிமருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்த செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். உடம்பில் இருக்கிற கொஞ்சநஞ்ச மின்சாரமும் மண்ணுக்குப் போய்விடும். "இங்க என்ன மருந்தா கலக்கோம் மதினி" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஒரு ரூமுக்கு எத்தன பேரு?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். பயராபீஸில் ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று கணக்கு உண்டு.

அதற்குள் நான் செய்து காட்டுகிற உற்சாகத்தில் ஓஸைப் பிடுங்கிவிட்டேன். மிச்சக் காற்று புஸ்ஸென்று சீறியது. திரும்பிப் பார்த்தால் மதினி இல்லை. சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் ஒருவர் ஓடினால் ஏன் என்று யாரும் நின்று கேட்பதில்லை. ஓடி முடித்துவிட்டுத்தான் கேட்போம். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் ஓடினார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஓடினார்கள். டீ மாஸ்டர் பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினார். நானும் ஓடினேன். என் ஒர்க்‌ஷாப்பில் வெடிப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பது உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் வேலிக்கருவை வரைக்கும் ஓடிவிட்டுத்தான் அது ஞாபகம் வந்தது. பொங்கி வழிந்த பாலைச் சொல்லிச் சொல்லியே டீ மாஸ்டர் ஒரு வருசம் எனக்குத் தண்ணிப் பால் டீ கொடுத்தார். மதினி மூச்சு வாங்கிக்கொண்டே, "புஸ்ஸுங்கும்னு முன்னாலயே சொல்லியிருக்கலாம்ல" என்றார். அன்றிலிருந்து ஓஸைக் கழற்றுகிறவர் முதலில் "காத்து" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பட்டறைச் சட்டமானது.

அடுத்த சண்டை செருப்பில் வந்தது. பயராபீஸில் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும். செருப்பில் ஓர் ஆணி இருந்து தரையில் உரசினாலும் போச்சு. இருபது வருசம் அப்படி நின்ற கால்கள், இரும்புச் சுருளும் கூர்முனைகளும் கிடக்கிற என் தரையிலும் வெறுமனேதான் நின்றன. விருதுநகருக்குப் போய் நல்ல தடித்த பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி மதினி பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்ததும் எனக்கு அப்படியொரு சந்தோசம். நேராக வந்தவர் வாசலில் நின்றார், குனிந்தார், பூட்ஸைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தார், வெறுங்காலோடு உள்ளே போனார். "மதினி, அது உள்ள போடுறதுக்கு" என்றேன். "செருப்புக் காலோட வேலை பாக்குற எடத்துக்குள்ள வர்றதா? நல்லாருக்கே" என்றார்.

மூன்றாம் நாள் அதைவிடப் பெரிய குற்றச்சாட்டோடு வந்தார். பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கிறவரிடம் பூட்ஸைக் கொடுத்து, ஆணி இருக்கிறதா பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஆணி இல்லை. ஆனால் விரல்களுக்குமேல் ஒரு முழு இரும்புத் தகடே இருக்கிறது என்று அவர் தட்டிக் காட்டிவிட்டார். "ஆணி இல்லைன்னு சொல்லிட்டு இம்புட்டு இரும்ப உள்ள ஒளிச்சு வச்சிருக்கீகளே, நல்லவுக மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு" என்று பட்டறை ஆட்கள் எல்லார் முன்னாலும் கேட்டார். விரலைக் காப்பாற்றத்தான் அந்தத் தகடு என்று நான் சொன்னதை யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. அந்த வாரமே பெஞ்சிலிருந்து ஓர் இரும்பு ஆங்கிள் துண்டு நழுவி, மதினியின் கட்டைவிரலுக்கு ஓர் அங்குலம் தள்ளி விழுந்து சிமெண்டைப் பெயர்த்தது. மதினி அந்தக் குழியைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மணி ஐந்து. அரைமணி நேரத்தில் அண்ணன் வந்துவிடுவார். நேராக வாசலுக்குப் போய்ப் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தார். மதினி இரும்புக்குப் பயப்படவில்லை, ரத்தத்துக்கும் பயப்படவில்லை, வீட்டுச் சுவருக்குத்தான் பயந்தார்.

அதன்பிறகு அந்த டிரில்லை அவரைப்போல யாரும் பிடித்ததில்லை. ஒவ்வொரு துளைக்கும் முதலில் சின்ன பிட், அப்புறம் பெரிய பிட். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் எழுந்து நடந்து வால்வை மூடுவார், "காத்து" என்று குரல் கொடுப்பார், ஓஸைக் கழற்றுவார், விசையை அமுக்கி மிச்சக் காற்றை விடுவார், அதற்கப்புறம்தான் சாவியைக் கையில் எடுப்பார். இத்தனையும் செய்யணுமா என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். பாடம் எடுத்தவனே நான்தான் என்பது அப்போது வசதியாக மறந்துபோயிருந்தது. "காத்துதான் திரி, மிசினுதான் மருந்து. ரெண்டையும் ஒண்ணா வச்சுக்கிட்டுக் கை போடலாமா?" என்றார். நான் மனப்பாடம் செய்து ஒப்பித்ததை அவர் தன் பாஷையில் புரிந்து வைத்திருந்தார்.

தீபாவளிக்கு முந்தின சீசன். அச்சாபீஸ்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ரேக் வேண்டும். லோடு ஏற்ற வண்டி வாசலில் வந்து நின்றுகொண்டு ஆரன் அடிக்கிறது. இன்னும் ஒரு ரேக் பாக்கி. மதினி வழக்கம்போல நிதானமாக எழுந்து வால்வைப் பார்த்து நடக்க, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தள்ளுங்க மதினி, நீங்க வால்வுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள தீபாவளியே போயிரும்" என்று டிரில்லை வாங்கினேன். காற்றை மூடவில்லை. ஓஸைக் கழற்றவில்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தேன். சாவியைப் போட்டுப் பழைய பிட்டைத் தளர்த்தினேன், புதியதைச் செருகி இறுக்கினேன். சாவி அதிலேயே இருக்க, மெஷினைத் திருப்பிப் பிடித்தபோது விரல் விசையில் பட்டுவிட்டது. சாவி எப்படிப் பறந்தது என்று நான் பார்க்கவில்லை. அது வந்து சேர்ந்த இடம் மட்டும் தெரியும்.

மதினிதான் ஓடிவந்து காற்றை மூடினார், என்னைப் பிடித்து உட்காரவைத்தார், தான் போட்டிருந்த அண்ணனின் பழைய சட்டைக் கையால் என் வாயை அமுக்கிப் பிடித்தார். உதடு கிழிந்து, பல் போய், ரத்தம் அந்தச் சட்டை முழுக்க இறங்கியது. சரியாக அப்போதுதான் வாசலில் டிவிஎஸ் சத்தம்.

அண்ணன் உள்ளே வந்தார். சட்டையில் ரத்தத்தைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. மதினியின் கைகளை இழுத்து விரல்களை எண்ணினார். பத்து. மறுபடியும் எண்ணினார். குனிந்து பூட்ஸைப் பார்த்தார். அப்புறம்தான் தரையில் கிடந்த என் பல்லைப் பார்த்தார், அதற்கும் அப்புறம் என்னைப் பார்த்தார். மதினி சொன்னார்: "ரத்தத்தப் பாத்தா அன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்னு சொன்னீகல்ல. கூட்டிட்டுப் போங்க. இந்தா உக்காந்திருக்காரு."

அண்ணன் சொன்ன சொல் மாறாதவர். என்னை டிவிஎஸ்ஸில் ஏற்றி, டாக்டரிடம் காட்டித் தையல் போட்டு, வீட்டில் கொண்டுபோய் விட்டார். பத்து நாள் ஒர்க்‌ஷாப் பக்கம் தலைகாட்டக் கூடாது. என் வீட்டுக்காரியும் அண்ணன் கட்சி. கஞ்சி குடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கிடந்தேன். சுவரும் என்னைப் பார்த்தது. மதினி அந்த நாலு மாதம் எப்படி இருந்திருப்பார் என்று எனக்கு அந்தப் பத்து நாளில்தான் விளங்கியது. தினமும் சாயங்காலம் அண்ணன் வருவார். "வாயத் தொறலே" என்பார். மோவாயைப் பிடித்துக்கொண்டு பற்களை எண்ணுவார். "முப்பத்தொண்ணு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விடுவார். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாள், எண்ணி முடித்தபின் அவர் மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவதைக் கவனித்தேன். அந்த மனுசன் பயராபீஸ் வாசலில் நின்ற நாளிலிருந்து இன்னும் எண்ணி முடிக்கவே இல்லை என்று தோன்றியது. எனக்கு அழுகை வந்தது. உதட்டில் தையல் இருந்ததால் ஒழுங்காக அழக்கூட முடியவில்லை.

பதினோராம் நாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். வாசலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செப்புத் தகடு பதித்திருந்தார்கள். உள்ளே, சாவி வால்வின் கழுத்தில் ஒரு சாண் கயிற்றில் தொங்கியது. இழுத்துப் பார்த்தேன். மெஷின் பக்கம் கொண்டுபோக முடியாது. மெஷினைத்தான் இங்கே கொண்டுவர வேண்டும். வந்தால் வால்வு மூக்குக்கு நேராக நிற்கும், மறந்தேன் என்று சொல்ல வழியில்லை. இறுக்கி முடித்தபின் சாவியை மெஷினிலேயே விட்டுவிட்டும் போக முடியாது, கயிறு பிடித்து இழுக்கும். "யாரு மறந்தாலும் கயிறு மறக்காது" என்றார் மதினி. பாக்கி ரேக்கும் லோடும் எனக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்விட்டிருந்தன.

இப்போது மதினிக்குத் தோள்பட்டை வலி, டிரில் பிடிப்பதில்லை. பயராபீஸ் வேலையை விட்டு வந்த ஐந்து பெண்கள் அவர் மேற்பார்வையில் பிடிக்கிறார்கள். ஐந்து பேரும் சேலைக்குமேல் சட்டை, காலில் பூட்ஸ். ஒவ்வொருத்தரும் முதல் நாள் அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அதை மதினி பார்த்துக்கொண்டார். அண்ணனுக்கு வாட்ச்மேன் வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் ஐந்தரைக்கு வந்துவிடுகிறார். மதினி வால்வை மூடி, சாவி தொங்குகிறதா என்று கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். பெண்கள் சிரித்துக்கொண்டே வரிசையாகக் கையை நீட்டுவார்கள். அண்ணன் தொடாமல், கண்ணாலேயே எண்ணிக்கொண்டு வருவார். மதினியின் கையை மட்டும் பிடித்து எண்ணுவார். கடைசியில் என் முன்னால் வந்து நிற்பார். நான் இந்த வயதில், ஐந்து பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, வாயைத் திறப்பேன். "முப்பத்தொண்ணு" என்பார். கட்டின பல்லை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.