வளவுக்குப் பின்னால் கிடந்த மேடு

லண்டனில் ஹறோப் பக்கம் யாரோ ஒரு தமிழர், ராசாக்களுக்கும் முந்திய காலத்து மண்ணணை ஒன்றை வெட்டிவிட்டுக் கோர்ட்டுக்கு அலைகிறாராம். வெம்பிளிக் கடையில் மீன் வெட்டுகிறவர் சொன்ன கதையைக் கூட்டாளி ஞானேஸ்வரன் போனில் சண்முகராசாவுக்குச் சொன்னார். "எங்கடை ஆக்கள் எங்க போனாலும் வேலிச் சண்டைதான் அண்ணை."

சண்முகராசாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரும் ஹறோவில்தான் வீடு வாங்கியிருந்தார். வளவின் பின்கோடியில் நீளமாக ஒரு மேடும் அதையொட்டிப் பள்ளமும் கிடந்தன. ஊரில் பக்கத்துக் காணிக்காரன் வருடாவருடம் வேலிக் கதியாலைத் தள்ளி நட்டுக் கிணற்றடிப் பாதையையே விழுங்கியதைப் பார்த்து வளர்ந்த மனுசன். பின்வீட்டு வெள்ளைக்காரன் மண்ணைக் கொட்டி எல்லையைத் தள்ளுகிறான் என்று முடிவுகட்டிவிட்டார். வாங்கும்போது வக்கீல் அந்த மேட்டைப் பற்றி ஏதோ சொன்னதற்குத் தலையாட்டியதோடு சரி. போன கிழமை மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, நேராக வேலி போட்டார்.

போனில் கேட்ட கதையை அவர் சொல்ல, மகள் தக்ஷிகா இணையத்தில் தேடினாள். "அப்பா, இது இரும்புக் காலத்து ஆக்கள் தங்கடை காணிக்குப் போட்ட எல்லையா இருக்கலாமாம். சட்டப்படி கை வைக்கேலாது."

"எல்லையைக் காப்பாத்தத்தானே பிள்ளை வெட்டினனான்."

"நீங்க வெட்டினதுதான் எல்லை."

அவருடைய குடியுரிமை விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. வழக்கு வந்தால் அதுவும் போச்சு. மனைவி கலாவதி குசினி வாசலில் நின்று சொன்னாள்: "பாஸ்போட் வருமட்டும் ரிக்கெற் இல்லாமல் பஸ்ஸில ஏறாதை எண்டு எனக்குப் படிப்பிச்ச ஆள்."

அவர் மண்வெட்டியை எடுத்தார். தக்ஷிகா மறித்தாள்.

"தொடாதேங்கோ. திரும்பக் குவிச்சால் அது பழைய மேடு ஆகாது. மறைக்கப் பாத்தது எண்டும் சொல்லுவினம்."

"படங்காவது போட்டு மூடட்டோ? மழை வருது."

"கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ."

பழஞ்சின்னங்களைப் பார்க்கும் அலுவலகத்தின் இலக்கத்தை அவளே தேடி அழுத்தினாள். மேசையில் கிடந்த போனைச் சுற்றி மூவரும் நின்றார்கள். என்ன சொல்வது என்று அவர் ஆங்கிலத்தில் முணுமுணுத்துப் பார்த்தார். முதல் வசனத்துக்கு மேல் நகரவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மேட்டின் வெட்டிய முகத்திலிருந்து மண் கட்டிகட்டியாகச் சரிந்தது. சுருட்டிய படங்கு கக்கத்தில் இருக்க, அவர் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றார். அலுவலகத்தில் இன்னும் யாரும் எடுக்கவில்லை; போன் அடித்துக்கொண்டே இருந்தது.