பள்ளத்தில் படுத்துக் கிடந்தவன்

சபையாரே, இங்கன வந்து நிக்க எனக்குக் கூச்சமா இருக்கு. ஆனாலும் கர்த்தர் செய்த நன்மையை மறைச்சு வைக்க மனசு வரலை. உள்ளதை உள்ளபடி சொல்லுதேன்.

நான் பட்டாளத்துல லாரி டிரைவர். எங்க அப்பா பாளையங்கோட்டையில டவுன் பஸ் ஓட்டுதாங்க. போன வருஷம் எங்க படையை ஆப்பிரிக்காவுக்கு அமைதிப் படையா அனுப்பினாங்க. அங்க உள்நாட்டுச் சண்டை. ஊரை விட்டு ஓடி வந்த ஜனங்களுக்கு அரிசியும் மருந்தும் கொண்டு போறது என் வேலை.

ஒரு நாள் மத்தியானம் மூணு லாரி போனோம். கடைசி லாரி என்னோடது. மழை பெஞ்ச மண் பாதையில சக்கரம் இறங்கிருச்சு. அந்த நேரம் புல்லுக்காட்டுக்குள்ள இருந்து கலகக்காரங்க சுட ஆரம்பிச்சாங்க. கண்ணாடி நொறுங்கி என் மடியில விழுந்துச்சு. பக்கத்துல எங்க ஹவில்தார், பஞ்சாப்காரர். வண்டியைப் பின்னால எடுன்னு கத்துதார். என் கை ஸ்டியரிங்கை விட்டுருச்சு. கதவைத் திறந்து குதிச்சு ஓடினேன். அவரைத் தனியா விட்டுட்டு ஓடினேன். என் துப்பாக்கி வண்டியிலேயே கிடந்துச்சு.

பாதையோரத்துல ஒரு பள்ளம், நிறைய சேறு. அதுல குப்புறப் படுத்துக்கிட்டேன். ஞாயிறு பள்ளியில மனப்பாடம் பண்ணின வசனம் ஒண்ணுகூட வாயில வரலை. "ஆண்டவரே, நான் வீட்டுக்குப் போகணும்." இது மட்டும்தான் வந்துச்சு.

ஹவில்தார் ஒத்தையா நின்னு திருப்பிச் சுட்டிருக்கார். முன்னால போன லாரிகள் திரும்பி வரவும்தான் சுட்டவங்க ஓடினாங்க. அப்புறம் அவரே வந்து என் சட்டையைப் பிடிச்சுத் தூக்கினார். அவர் தோள்ல ரத்தம். என் கால்சட்டை நனைஞ்சிருந்தது, அது சேத்துத் தண்ணி மட்டும் இல்லை. அவர் பார்த்தார். அதிகாரி கேட்டப்ப, நான்தான் அவனை மறைவுக்குப் போகச் சொன்னேன்னுட்டார்.

கொஞ்ச நாள் போன் கிடைக்கலை. அதுக்குள்ள டிவியில செய்தி வந்துருச்சு. பிறகு வீட்டுக்குப் பேசினப்ப, வண்டியைத் தாக்கினாங்க, நான் சுகமா இருக்கேன்னு மட்டும் சொன்னேன். மிச்சத்தை ஊரே சொல்லிக்கிச்சு.

லீவுல வந்து இறங்கினா, தெருமுனையில என் படம் போட்டு பிளக்ஸ். 'எங்கள் வீரனே வருக!' அதைத் தாண்டி நடந்தப்ப உடம்பே கூசிப் போச்சு. டீக்கடை அண்ணாச்சி காசு வாங்க மாட்டேன்னுட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை நான் சாட்சி சொல்லணும்னு சபையில கேட்டாங்க. அன்னைக்குத்தான் ரெண்டாவது தடவையா மனசார ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, உண்மையைச் சொல்ல எனக்கு வாயைத் தாரும்னு கேட்டேன்.

நேத்து சாயங்காலம் அப்பா கொக்கிரகுளம் ஆத்துக்குக் குளிக்கக் கூப்பிட்டாங்க. தண்ணிக்குள்ள நிக்கும்போது எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவங்க முகத்தைப் பார்க்காமலே சொன்னேன். அப்பா ரெண்டு கையால தண்ணியை அள்ளி முகத்தைக் கழுவினாங்க. அப்புறம் பையச் சொன்னாங்க.

"ஏலே, உன் போன் வராத நாள்ல நான் என்ன ஜெபம் பண்ணேன்னு தெரியுமா? ஆண்டவரே, அவன் துப்பாக்கியப் போட்டுட்டு எங்கனயாவது ஓடி ஒளிஞ்சுக்கிடட்டும், உயிரோட வந்தாப் போதும்னு கேட்டேன். பஸ் ஸ்டாண்டுல எம் மகன் வீரன்னு பேசிட்டு, வீட்டுக்கு வந்து இதத்தான் கேட்டேன். உங்கம்மைட்டகூடச் சொல்லலை. வெக்கமா இருந்துச்சு."

ரெண்டு பேரும் ஆத்துக்குள்ள நின்னு அழுதோம்.

இதைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கலை. ஹவில்தார் தோள்ல பட்ட குண்டு, நான் விட்டுட்டு ஓடினதால பட்டது. அவருக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. அந்த வீட்டுலயும் அவருக்காக யாரோ அழுது கேட்டிருப்பாங்க. நேத்து ராத்திரியே ஹவில்தாருக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். தோள் ஆறிருச்சு, நீ சீக்கிரம் வந்து சேருன்னார். அடுத்த மாசம் போறேன். பயம் போயிருச்சுன்னு சொன்னா அது பொய். இனி தினமும் ஹவில்தார் பேரைச் சொல்லித்தான் ஜெபத்தைத் தொடங்குவேன்.

உங்களுக்குள்ளயும் வெளியில சொல்ல வெக்கப்படுற ஜெபம் இருக்கும். அதை அழகுபடுத்தாம கர்த்தர்கிட்ட அப்படியே சொல்லுங்க. அவர் முகம் சுளிக்க மாட்டார்.

எங்க அப்பா கேட்டுக்கிட்டதாலதான் அவங்க சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அங்கன கடைசி பெஞ்சுல தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருக்காங்க. எப்பா, நிமிர்ந்து உட்காருங்க. நீங்க கேட்டதைக் கர்த்தர் கொடுத்திருக்கார், நான் வந்துட்டேன்.