பெயர் தெரியாத பதினெட்டு முறைப்பாடுகள்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக்கு, குடியிருப்போர் முறைப்பாடு எழுத இணையத்தளம் செய்து கொடுத்தவள் சுபாஷினிதான். அங்கேயே இரண்டாம் மாடியில் குடியிருந்து, வீட்டிலிருந்தே கம்பியூட்டர் வேலை பார்ப்பவள். முறைப்பாடு எழுதுபவரின் பெயர் திரையில் தெரியாது என்று அவள் வாக்குக் கொடுத்ததும் எல்லோருக்கும் கொண்டாட்டம். முகம் காட்டாமல் குறை சொல்வதென்றால் யாருக்குத்தான் கசக்கும்?

வந்தவற்றில் பதினேழு அவள் வீட்டைப் பற்றியே. அம்மா பழனியம்மா பொரிக்கும் கருவாடு நாறுகிறதாம்.

நிர்வாகக் குழுச் செயலாளர் எட்வேட் படியில் மறித்தார். "கோவிக்காதேங்கோ சுபா. இன்னொரு கொம்ப்ளெயின் வந்தா வீட்டு ஓனருக்குச் சொல்லத்தான் வேணும்."

கணவன் ஜெயகுமார் பெருமூச்சு விட்டான். "என்னா செய்றது? அத்தைய மட்டக்குளிக்கு அனுப்பிருவோம்."

மட்டக்குளியில் அவள் அண்ணனின் ஒற்றை அறையில் ஏற்கெனவே ஆறு பேர். அம்மா பையைக் கட்டினாள். ஞாயிறு புறப்பாடு.

சனி மதியம் பதினெட்டாவது வந்தது, இன்றும் கருவாடு நாறுகிறதென்று. அம்மா கருவாட்டைத் தொட்டே மூன்று வாரம். அன்று அடுப்பில் வெறும் பருப்பு. சுபாஷினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் இந்தப் பொய்யன்?

பெயர் திரையில் தெரியாதே தவிர, ஒவ்வொரு முறைப்பாட்டோடும் எழுதியவரின் இலக்கம் பதிவாகியிருந்தது. ஆட்களின் விபரம் வேறொரு அட்டவணையில். இரண்டையும் தொடுக்க ஒரு வரி எழுதினால் போதும், முறைப்பாட்டைக் கேட்கும்போதே அதற்குரிய ஆளும் கூட வந்து நிற்பார். கொடுத்த வாக்கை நினைத்துக் கை தயங்கியது. பிறகு எழுதியேவிட்டாள்.

பதினெட்டுக்கும் ஒரே பெயர். ஜெயகுமார்.

தொடுப்பில்தான் பிழை என்று நினைத்தாள். லிப்ட் பழுதைப் பற்றித் தானே முன்பு எழுதியதைக் கேட்டுப் பார்த்தாள். அவள் பெயர் சரியாக வந்தது. ஆளின் பெயரைக் கொடுத்து, அவர் எழுதிய முறைப்பாடுகள் எத்தனை என்று திருப்பிக் கேட்டாள். ஜெயகுமார், பதினெட்டு. பத்து வருடம் கூட வாழ்ந்தவன்! அம்மாவை வேண்டாமென்று வாய்திறந்து சொல்லக்கூட அவனுக்குத் துணிவில்லையா?

மேசையில் அவன் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"அத்தே, நாளைக்குப் போறதுக்கு முந்தி ஒருதரம் கருவாடு பொரிச்சுத் தாங்களேன். ஒங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. அவள் கருவாட்டு டப்பாவை எடுக்க எழுந்தபோது, சுபாஷினி லெப்டொப்பைத் தூக்கிவந்து அவன் சோற்றுத் தட்டின் மேலேயே வைத்தாள்.

"வாசிங்க," என்றாள். "அம்மாவுக்குக் கேக்கிற மாதிரி, சத்தமா."