சகலைக்குத் தைத்த சட்டை

ஒரு ஆளைப் பழிவாங்குவதற்காக வெள்ளியங்கிரி மலைக்கு விரதம் இருந்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு மண்டலம் கறி தொடவில்லை, செருப்புப் போடவில்லை, காலையும் மாலையும் பச்சைத் தண்ணீர்க் குளியல். எல்லாம் முறைப்படிதான். நெற்றி நிறையத் திருநீறு பூசிக் கண்ணை மூடிக்கொண்டு சிவனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. என் சகலை மலை உச்சியில் எல்லார் முன்னாலும் வெடவெடவென்று நடுங்க வேண்டும். அதை நான் படம் பிடிக்க வேண்டும்.

சகலை என்பவர் என் மனைவியின் அக்காவுக்கு வீட்டுக்காரர். மங்கலத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். நான் திருப்பூர் நல்லூரில் எட்டு மெஷின் போட்டுப் பனியன் தைத்துக் கொடுக்கிறேன். மாமனார் வீட்டில் அவருக்கு விழுந்த பிறகுதான் எனக்கு இலை விழும். அவர் பேசி முடித்த பிறகுதான் நான் பேச வேண்டும். பதினெட்டு வருடமாக இது பழகிவிட்டது. அந்த வீடியோதான் பழகவில்லை.

ஆறு வருடமாக மாசி மாதம் சிவராத்திரிக் கூட்டம் வடிந்த பிறகு என்னோடு சேர்த்துப் பதினோரு பேர் கொண்ட கூட்டத்தை நான்தான் மலைக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். வேன் பேசுவது, எந்தச் சுனையில் உட்காருவது, எத்தனை மணிக்குத் திரும்புவது, எல்லாம் என் வாய்ச்சொல்தான். போன வருடத்துக்கு முந்தின வருடம் இறங்கும்போது ஏழு மலையில் ஐந்தாவதில் இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டது. அழுதுவிட்டேன். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வந்தார்கள். வழியில் வேட்டி அவிழ்ந்தது. கட்டிக்கொள்ளக் கை இல்லை. கோடு போட்ட உள்டவுசரோடு, "அம்மா அம்மா" என்று கத்திக்கொண்டு வந்தேன். சகலை எனக்குப் பின்னால் வந்தார். அவராவது வேட்டியை எடுத்துக் கட்டிவிட்டிருக்கலாம். போனை நீட்டிப் படம் பிடித்தார்.

அதற்கு ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்து, நான் தள்ளாடுவதும் தாளமும் ஒத்துப்போகிற மாதிரி வெட்டி ஒட்டி, சொந்தக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டார். நான் நொண்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது என் மனைவி போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாயைப் பொத்தினாள். கண் மட்டும் சிரித்தது. மூன்றாம் நாள் யூனிட்டில், தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து தைத்ததில் குறை இருக்கிறதா என்று செக்கிங் பார்க்கிற ஒரு அக்கா போனைக் காட்டினார்.

"அண்ணே, இது நீங்கதானே? எங்க ஊரு வரைக்கும் போயிட்டுல்லா!"

பக்கத்தில் நின்ற ஒடிசாப் பையன்களுக்குப் பாஷை புரியாவிட்டாலும் உள்டவுசர் புரிந்தது. என் சொந்த யூனிட்டில், என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் முன்னால் மானம் கப்பலேறியது. சகலையிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் "தமாசுக்குங்க" என்பார், அதோடு முடிந்துவிடும். முடிய விட எனக்கு மனமில்லை. கறுவிக்கொண்டு இருந்தேன்.

அடுத்த தை மாதம் திட்டம் போடும் கூட்டம் வந்தது. வழக்கமாக என் வீட்டு மொட்டை மாடியில் நடக்கும். அந்த முறை என்னைக் கேட்காமலே சகலை வீட்டில் வைத்துவிட்டார்கள். போய்ப் பார்த்தால் அவர் நாற்காலியில், மடியில் நோட்டு. சுக்குக் காப்பிப் பொடி ஒருவருக்கு, எலுமிச்சம்பழமும் உப்பும் ஒருவருக்கு, டார்ச் லைட் ஒருவருக்கு என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"சகல, உங்களுக்குத்தான் காலு செரியில்லீங்களே. இந்த வருசம் அடிவாரத்துலயே இருந்து வண்டியப் பாத்துக்கறீங்களா?"

பத்துப் பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் வரை சுட்டது. ஆனால் அந்த நொடியில்தான் யோசனை வந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

"இல்லீங்க சகல, நானும் ஏறறனுங்க. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி காவி டீசர்ட் நான் தெச்சுக் கொண்டாந்தர்றேன். சாமி காரியம், காசு வேண்டாமுங்க."

என் பெரிய மனசைப் பத்துப் பேரும் பாராட்டினார்கள். சகலைகூடத் தலையாட்டினார்.

பனியன் தொழிலில் இருப்பவனுக்கு ஒரு விஷயம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். பாலியஸ்டர் வியர்வையை வைத்துக்கொள்ளாது, ஒரு காற்று அடித்தால் உலர்ந்துவிடும். காட்டன் குடித்த தண்ணீரைக் கக்காது. வெள்ளியங்கிரியில் முதல் நான்கு மலை ஏறுவதற்குள் உடம்பு வியர்வையில் தெப்பலாக நனைந்துவிடும். ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் முங்கி எழ வேண்டும். அதற்கு மேல் ஏழாவது மலையில் மேகம் முகத்தில் வந்து இடிக்கும், காற்று ஆளைத் தள்ளும். அங்கே கனத்த காட்டன் சட்டை நனைந்த நிலையில் உடம்பில் இருந்தால் பனிக்கட்டியைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பத்துச் சட்டை லேசான பாலியஸ்டரில். ஒரே ஒரு சட்டை, ஏறக்குறைய இரட்டிப்புக் கனமுள்ள இன்டர்லாக் காட்டனில். எங்கள் கூட்டத்தில் டபுள் எக்ஸெல் போடும் தொப்பை சகலைக்கு மட்டும்தான் என்பதால் சட்டை ஆள் மாறிப்போகும் பயமும் இல்லை.

இரண்டும் ஒரே காவியில் கிடைப்பதுதான் பெரும்பாடு. பாலியஸ்டர் ஏற்கும் சாயம் வேறு, காட்டன் ஏற்கும் சாயம் வேறு. துண்டுத் துணியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காதர்பேட்டையில் கடை கடையாக ஏறினேன். மூன்றாவது வாரம், எனக்குப் பழக்கமான ஒரு கடைக்கார பாய், மிச்ச ரோல்களை எல்லாம் இழுத்துப் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஏண்ணா, ஒத்தச் சட்டைக்கா இந்த அலைச்சல்? ரொம்ப வேண்டப்பட்டவரோ?"

"ஆமாங்க பாய். ரொம்ப ரொம்ப வேண்டப்பட்டவரு."

அடியில் கிடந்த ரோலில் அந்தக் காவி இருந்தது. வெயிலில் ஒரு தடவை, டியூப் லைட்டில் ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். என் கண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை. அதைக் கொண்டுபோய் சிலிக்கான் மெருகு போட்டு வழுவழுப்பாக்கினேன். தொட்டால் பாலியஸ்டர் மாதிரியே வழுக்கியது. போதும் என்று நினைத்தேன். தறிக்காரருக்குப் பாவும் ஊடையும்தான் தெரியும், பனியன் துணியை அவர் என்ன கண்டார் என்று ஒரு இளக்காரம் எனக்கு.

மெஷினில் உட்கார்ந்து பல வருடம் ஆகியிருந்தது. இந்தச் சட்டைக்கு நானே உட்கார்ந்தேன். என் ஆயுளில் அவ்வளவு சுத்தமாக எதையும் தைத்ததில்லை. தோள்பட்டைக்கு டேப் வைத்தேன், கழுத்தை இரண்டு முறை பிரித்துத் தைத்தேன். மனைவி டீ கொண்டுவந்தவள் அப்படியே நின்றாள்.

"அக்கா ஊட்டுக்காரருக்குன்னு நீங்களே தெக்கறீங்களாக்கும்? கோவமெல்லாம் போயிருச்சுங்களா?"

"சாமி காரியத்துல என்ன கோவம்?" என்றேன்.

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்குள் ஏதோ உறுத்தியது உண்மை. பிறகு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது நினைவுக்கு வந்தது. உறுத்தல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் யாருக்கும் சொல்லாமல் சென்னிமலைக்குப் போய்ப் படி ஏறினேன். எல்லாரும் படிக்கு ஒரு முருகா சொல்லி ஏறினார்கள். நான் படிக்கு ஒரு வசவு சொல்லி ஏறினேன். மேலே போய்ச் சேரும்போது வசவு தீர்ந்துவிடும், முதலில் இருந்து ஆரம்பிப்பேன். முதல் வாரம் நாலு இடத்தில் உட்கார்ந்தவன் கடைசி வாரம் எங்கும் உட்காரவில்லை. வஞ்சம் அந்த அளவுக்குத் தெம்பு கொடுத்தது.

எடுத்து வர வேண்டிய பொருள்களின் பட்டியலிலும் கை வைத்தேன். பை கனமாக இருந்தால் முட்டி போய்விடும், மாற்று வேட்டி ஒன்று போதும், டீசர்ட் தானே காய்ந்துவிடும், ஸ்வெட்டர் வேண்டவே வேண்டாம் என்று குழுவில் எழுதினேன். சகலை கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். சட்டைகளையும் முன்னதாகத் தரவில்லை. அடிவாரத்தில் சாமி முன்னால் வைத்துத் தருகிறேன் என்றேன். அதற்கும் என் பக்தியை மெச்சினார்கள்.

பெரும்பாலும் எல்லாரும் ராத்திரியில்தான் மலை ஏறுவார்கள். எங்கள் கூட்டத்தில் இருவருக்குக் கண் மங்கல் என்பதால் விடிந்த பிறகுதான் ஏறுவது. அடிவாரக் கோயிலில் சட்டைகளை வைத்து எடுத்து, கவரோடு ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். சகலை கவரைப் பிரித்தார். துணியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்த்தார். நான் அடுத்த கவரைத் தேடுகிற மாதிரி குனிந்தேன். என்னைப் பார்த்தார்.

"நல்லாத் தெச்சிருக்கறீங்க சகல," என்று சொல்லிப் போட்டுக்கொண்டார்.

மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஏறினோம். இரண்டாவது மலையிலேயே அவர் முதுகில் காவி கருஞ்சிவப்பானது. நான்காவது மலையில் சட்டை ஓரத்திலிருந்து சொட்டியது. ஆண்டி சுனையில் குளித்துவிட்டு நாங்கள் பிழிந்து உதறிப் போட்டுக்கொண்டோம், அவர் பிழியப் பிழியத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கழற்றிப் போட்டுவிட்டு வெறும் மேலோடு வந்திருக்கலாம். பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள். அவர் அதையே மாட்டிக்கொண்டு வந்தார். தலைவர் அல்லவா, போட்டோவில் சீருடையோடு நிற்க வேண்டும் என்கிற வீம்பு என்று நினைத்தேன்.

உச்சியில் நான் வேண்டியபடியே மேகம் இறங்கியது, காற்று வீசியது. சகலைக்கு உதடு நீலம் பாரித்தது. தாடை கட்டுக்கடங்காமல் அடித்துக்கொண்டது. தலைவர் என்கிற முறையில் எல்லாருக்கும் சேர்த்துக் கற்பூரம் ஏற்ற வேண்டியவர் அவர். தீக்குச்சியை உரசுகிறார், உடைகிறது. இன்னொன்று, அதுவும் உடைகிறது. மூன்றாவது கையிலிருந்து விழுந்தது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் தன் போர்வையை நீட்டினார். "வேண்டாமுங்க, இருக்கட்டும்," என்று ஒதுக்கிவிட்டார். நான் எல்லாவற்றையும் போனில் பிடித்துக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. ஏழு மலை ஏறிப் போய்ச் சாமியை நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

என் தொடை பிடிக்கவில்லை, வேட்டி அவிழவில்லை. இறங்கும்போதே பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். சாயங்காலம் அடிவாரத்தில் டீக்கடையில் உட்கார்ந்து, வீடியோவை வெட்டி ஒட்டி, அனுப்புகிற இடத்துக்கு விரலைக் கொண்டுபோனபோது சகலை டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டை அப்போதும் ஈரம்.

"சகல, என்ர சட்டை மட்டும் ஏனுங்க காட்டனு?"

விரலை எடுத்துவிட்டேன். "எப்பத் தெரிஞ்சுதுங்க?" என்றேன்.

"கவர்ல இருந்து எடுத்தப்பவேங்க. மேல வழுவழுன்னு என்னமோ பூசி உட்டிருந்தீங்க. முப்பது வருசமாப் பஞ்சத்தான மூக்குல இழுத்துட்டுக் கெடக்கறேன், பஞ்சு தெரியாதுங்களா எனக்கு?"

"அப்பறம் ஏனுங்க போட்டீங்க?"

அவர் டீயை ஊதினார்.

"அந்த வீடியோவப் போட்டது தப்புன்னு அடுத்த நாளே தெரிஞ்சு போச்சுங்க. உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்றதுக்குத்தான் வாய் வருல. உங்கள வண்டியப் பாத்துக்கச் சொன்னதும் அப்படித்தான், கூட வந்தா மூஞ்சியப் பாக்கோணுமேன்னு. சட்டையத் தொட்டதும் புரிஞ்சுது. செரி, இதப் போட்டுட்டாவது ஏறிப் போடலாம்னு ஏறிட்டனுங்க." என் போனைத் தலையால் காட்டினார். "அனுப்புங்க. எங்க ஊட்லயும் பாத்துச் சிரிக்கட்டும்."

எழுந்து வேனுக்குப் போய்விட்டார்.

எத்தனை மாதப் பாடு! விரதம், அலைச்சல், படி, இரண்டு முறை பிரித்துத் தைத்த கழுத்து. நான் வைத்த கண்ணியில் அந்த ஆள் தெரிந்தே கால் வைத்து, ஏழு மலையும் நடந்து, அதையும் ஒரு பெருந்தன்மையாக்கிவிட்டுப் போய்விட்டார். அனுப்பு என்று அவரே சொன்ன பிறகு அனுப்பினால் அது என்ன பழி? அழித்தால் நான் மன்னித்த மாதிரி ஆகிவிடும். வேனில் எல்லாரும் ஏறி, எனக்காக ஹாரன் அடித்தார்கள்.

அழித்தேன். மன்னித்து அல்ல. அவர் கொடுத்து நான் வாங்கிக்கொள்வதா என்கிற ஆத்திரத்தில் அழித்தேன். வேனில் அவருக்குப் பக்கத்து இருக்கைதான் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். அவர் உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் என் தோளில் வந்து வந்து இடித்தது. திருப்பூர் வரும்வரை நான் நகர்ந்து உட்காரவில்லை.